'கட்டுப்படியாகாது' என்பது யாருடைய கணக்கு? எரிவாயுக் குழாய் விரிவாக்கமும் சேரியின் உரிமையும்

சில மாதங்களுக்கு முன் ஒரு காலனியைச் சேர்ந்த பெண்கள் மனு எழுதித் தரும்படி என்னிடம் வந்தார்கள். அவர்களது ஊரின் பெரிய தெருவில் எரிவாயுக் குழாய் பதிக்கப்பட்டு, வீடுகளுக்கு இணைப்பும் தரப்பட்டுவிட்டது. காலனி அங்கிருந்து அரை கிலோமீட்டர் தொலைவுகூட இல்லை. குழாய்க்குப் பள்ளம் வெட்டிய கூலியாட்களில் காலனி இளைஞர்களும் இருந்தனர். "எங்கள் தெருவுக்கு எப்போது வரும்?" என்று கேட்டதற்கு, நிறுவனத்தின் களப் பணியாளர் ஒரே சொல்லில் பதில் தந்திருக்கிறார்: கட்டுப்படியாகாது.

அந்தச் சொல்லில் சாதிப் பெயர் இல்லை, வசவு இல்லை. வழக்குத் தொடுக்கத்தக்க மறுப்பு என்றும் அதை எளிதில் சொல்லிவிட முடியாது. ஆனால் அதன் விளைவு சேரி மக்கள் தலைமுறைகளாகக் கண்டதுதான். சாலை, குடிநீர்க் குழாய், மின்கம்பம் என ஒவ்வொன்றும் ஊரில் தொடங்கி, ஊரிலேயே நின்று, நெடுங்காலம் கழித்தே சேரிக்கு வந்தன. யாருக்குக் கட்டுப்படியாகாது, எந்தக் கணக்கின்படி கட்டுப்படியாகாது, அந்தக் கணக்கை எழுதியவர் யார் என்பவையே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்விகள்.

செலவு எங்கெங்கே விழுகிறது

குழாய்வழி எரிவாயு ஒரு வீட்டின் அடுப்பை அடைவதற்குள் நான்கு கட்டங்களைக் கடக்கிறது. முதலாவது, மாநிலங்களைக் கடந்து செல்லும் பெருங்குழாய். இரண்டாவது, அப்பெருங்குழாயிலிருந்து எரிவாயுவைப் பெறும் நிலையமும், நகரைச் சுற்றி அதைக் கொண்டுசெல்லும் எஃகுக் குழாயும். மூன்றாவது, தெருக்களுக்குள் செல்லும் பிளாஸ்டிக் குழாய். நான்காவது, வீட்டுச் சுவரில் ஏறி மீட்டர் வழியாக அடுப்பைச் சேரும் சிறு குழாய்.

முதல் இரண்டு கட்டங்களின் செலவு பல லட்சம் பயனாளர்களிடையே பகிரப்படுகிறது. நான்காவது கட்டத்தின் செலவு வீட்டுக்கு வீடு பெரிதாக மாறுவதில்லை. வேறுபாடு மூன்றாவது கட்டத்தில்தான் எழுகிறது. நானூறு வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்புக்கு ஒரே ஒரு குழாயைக் கொண்டுசென்றால் போதும். அறுபது வீடுகள் கொண்ட காலனிக்கு வயல்வெளியையும் வாய்க்காலையும் தாண்டி அரை கிலோமீட்டர் குழாய் பதிக்க வேண்டும். வீட்டு எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தால் காலனி 'விலையுயர்ந்த' பகுதியாகத் தெரியும்.

ஆனால் காலனி ஏன் ஊரிலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது? அத்தொலைவு இயற்கையாக அமைந்தது அன்று. தீண்டாமை வகுத்த தொலைவு அது. அந்தத் தொலைவுக்கான குழாய்ச் செலவைச் சேரி மக்களே ஏற்க வேண்டும் என்பது, விலக்கி வைக்கப்பட்டதற்கான வாடகையை விலக்கப்பட்டவர்களிடமே கேட்பதாகும்.

மூன்று விடைகள்

விரிவாக்கச் செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கு உலகெங்கும் மூன்று விடைகளே உள்ளன. புதிதாக இணைப்புப் பெறுபவரே தம் பகுதிக்கான செலவைத் தர வேண்டும் என்பது ஒன்று. எல்லாப் பயனாளர்களின் கட்டணத்திலும் அதைப் பரப்பிவிட வேண்டும் என்பது மற்றொன்று. அரசு தன் வரி வருவாயிலிருந்து தர வேண்டும் என்பது மூன்றாவது.

எந்த விடையும் எல்லா இடத்துக்கும் பொருந்திவிடுவதில்லை. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், புதிய கட்டடங்களுக்கு எரிவாயுக் குழாய் நீட்டும் செலவில் ஒரு பகுதி நெடுங்காலமாகப் பழைய பயனாளர்களின் கட்டணத்திலிருந்து ஈடுகட்டப்பட்டது. அம்மாநிலப் பொதுச்சேவை ஆணையம் 2022 செப்டம்பரில் இச்சலுகையை நீக்க முடிவு செய்தது. முடிவு 2023 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பருவநிலை குறித்த கவலை ஒரு காரணம். வசதி படைத்தவர்கள் நாளடைவில் மின் அடுப்புக்கு மாறிவிட்டால், குழாயின் நிலையான செலவு முழுவதும் மாற வழியற்ற ஏழைகளின் தலையில் விழும் என்ற அச்சமும் அங்கே பேசப்பட்டது. அந்த எச்சரிக்கையை நாமும் மறந்துவிடக் கூடாது. கட்டுரையின் இறுதியில் அதற்குத் திரும்புவோம்.

இந்தியாவில் இம்மூன்று விடைகளும் ஒரே நேரத்தில் நடைமுறையில் உள்ளன. எந்த விடை யாருக்கு வாய்க்கிறது என்பதில்தான் அநீதி இருக்கிறது.

ஏலத்தின் மதிப்பெண் பட்டியல்

இத்துறையை ஆள்வது 2006ஆம் ஆண்டின் பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியச் சட்டம். நாட்டின் எல்லாப் பகுதிகளுக்கும் தடையற்ற, போதுமான வழங்கலை உறுதிசெய்வது தன் நோக்கங்களுள் ஒன்று என்று அதன் முகப்புரையே கூறுகிறது. இச்சட்டத்தின்கீழ் அமைந்த வாரியம் நாட்டைப் புவியியல் பகுதிகளாகப் பிரித்து ஏலம் விடுகிறது. 2018இல் நடந்த ஒன்பதாவது சுற்றில் மட்டும் 174 மாவட்டங்களை உள்ளடக்கிய 86 பகுதிகள் ஏலத்துக்கு வந்தன. தமிழ்நாட்டில் சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், கோவை, சேலம், திருப்பூர், ராமநாதபுரம் உள்ளிட்ட மாவட்டங்கள் அச்சுற்றில்தான் இடம்பெற்றன. அடுத்தடுத்த சுற்றுகளுக்குப் பின் ஏறக்குறைய நாடு முழுவதுமே ஏதேனும் ஒரு நிறுவனத்தின் உரிமப் பகுதியாகிவிட்டது.

உரிமம் பெற்ற நிறுவனத்துக்குத் தன் பகுதியில் குழாய்க் கட்டமைப்பின் மீது 25 ஆண்டுத் தனியுரிமை உண்டு. முதல் சில ஆண்டுகளுக்கு எரிவாயு விற்பனையிலும் தனியுரிமை உண்டு. அந்தத் தெருவில் வேறொருவர் போட்டிக் குழாய் பதிக்க முடியாது. ஆகவே, உரிமம் பெற்றவர் ஒரு பகுதியைத் தவிர்த்தால் அப்பகுதிக்கு வேறு வழியே இல்லை.

இவ்வளவு பெரிய தனியுரிமை எந்த அடிப்படையில் தரப்படுகிறது? ஒன்பதாவது சுற்று முதல் பின்பற்றப்பட்ட மதிப்பெண் முறையில் ஐந்து அளவுகோல்கள் உள்ளன. தருவதாக ஒப்புக்கொள்ளும் வீட்டு இணைப்புகளின் எண்ணிக்கைக்கு 50 விழுக்காடு. சிஎன்ஜி நிலையங்களின் எண்ணிக்கைக்கு 20 விழுக்காடு. எஃகுக் குழாயின் அளவுக்கு 10 விழுக்காடு. இரு வகைக் கொண்டுசெல் கட்டணங்களுக்கு மீதமுள்ள 20 விழுக்காடு, அதாவது தலா 10.  முக்கியமானது இதுதான்: எடையில் பாதி வீட்டு இணைப்புகளின் மொத்த எண்ணிக்கைக்குச் செல்கிறது. அந்த வீடுகள் எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு மதிப்பெண் இல்லை.

பத்தாயிரம் இணைப்புகளை அடுக்குமாடிகளிலும் புறநகர் வீட்டுமனைப் பிரிவுகளிலுமே கொடுத்து முடித்துவிட்டால் பத்தாயிரம் என்ற எண் நிறைவேறிவிடும். நூறு சேரிகள் விடுபட்டாலும் ஏட்டில் குறை தெரியாது. பாகுபாடு காட்ட வேண்டும் என்று எந்த அதிகாரியும் நினைக்க வேண்டிய தேவையே இல்லை. மலிவான இணைப்பை முதலில் கொடு என்ற வணிக விதி அதைத் தானாகவே செய்துவிடுகிறது.

ஊர்த்தெருவுக்கு மட்டும் கட்டுப்படியாகிறதா

வீட்டு அடுப்புக்கான எரிவாயு விற்பனை மட்டும் எந்த நிறுவனத்தையும் வாழவைப்பதில்லை. ஒரு சிறு குடும்பம் மாதத்துக்கு ஏறத்தாழ 12 முதல் 15 கன மீட்டர் எரிவாயுவே பயன்படுத்துகிறது. இத்தொழிலின் வருவாய் வாகனங்களுக்கு விற்கப்படும் சிஎன்ஜியையும், ஆலைகளுக்கும் உணவகங்களுக்கும் செல்லும் எரிவாயுவையும் பெரிதும் சார்ந்தது. வீட்டு இணைப்பு என்பது உரிமம் பெறுவதற்காக நிறுவனம் ஏற்கும் கடமை.

ஆக, ஊர்த்தெரு வீட்டின் இணைப்பும் தன் சொந்தக் கட்டணத்தை நம்பி நிற்பதில்லை. ஆட்டோ ஓட்டுநர் நிரப்பும் சிஎன்ஜியும் ஆலை செலுத்தும் கட்டணமும் அதைத் தாங்குகின்றன. இரு தெருக்களுமே தனித்தனியாகப் பார்த்தால் எளிதில் கட்டுப்படியாகாதவைதாம். ஒரு தெருவின் பற்றாக்குறை பொதுக்கணக்கில் சேர்க்கப்படுகிறது. மற்றத் தெருவின் பற்றாக்குறை அத்தெருவின் பெயரிலேயே எழுதப்படுகிறது. அந்தச் சொல்லைச் சேரி மட்டும் கேட்க நேர்வது இதனால்தான்.

அரசின் ஆதரவும் இணைப்புப் பெற்றவர்களையே சென்றடைகிறது. அரசு நிறுவனங்களின் பழைய வயல்களிலிருந்து கிடைக்கும் உள்நாட்டு எரிவாயுவில் வீட்டுக் குழாய்க்கும் சிஎன்ஜிக்கும் முன்னுரிமை உண்டு. 2023 ஏப்ரலில் ஒன்றிய அமைச்சரவை அந்த எரிவாயுவுக்கு, ஒரு மில்லியன் பிரிட்டிஷ் வெப்ப அலகுக்கு 6.5 டாலர் என உச்ச விலை வைத்தது. இந்த விலைப் பாதுகாப்பு குழாய் உள்ள வீட்டுக்குத்தான் பயன் தரும். குழாய் இல்லாத வீடு சிலிண்டரைச் சார்ந்திருக்கிறது. சிலிண்டரில் அடைக்கப்படும் எல்பிஜியில் பாதிக்கு மேல் இறக்குமதி. அதன் விலை உலகச் சந்தையோடு ஏறி இறங்குகிறது.

சேரி ஏற்கெனவே செலுத்தியது

ஏழைகளுக்கு இலவசம், மற்றவர்கள் பணம் கட்டுகிறார்கள் என்ற பேச்சு வழக்கமானது. கணக்கைப் பிரித்துப் பார்த்தால் நிலைமை வேறு.

முதலாவது, வரிப்பணம். ஜகதீஷ்பூர்–ஹால்தியா–பொகாரோ–தாம்ரா பெருங்குழாய்க்கு 2016இல் ஒன்றிய அரசு மூலதனச் செலவில் 40 விழுக்காட்டை மானியமாக ஒப்புதல் அளித்தது. தொகை 5,176 கோடி ரூபாய். வடகிழக்கு மாநிலங்களின் எரிவாயுக் கட்டமைப்புக்கு 2020இல் 60 விழுக்காடு மானியம் ஒப்புக்கொள்ளப்பட்டது. இவை தவறு என்று சொல்ல வரவில்லை. பின்தங்கிய பகுதிகளுக்கு அரசு செலவிட்டே ஆக வேண்டும். ஆனால் சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் வரி கட்டும் கூலித் தொழிலாளியும் இம்மானியத்தில் பங்காளி என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது, நிலம். பெருங்குழாய்கள் 1962ஆம் ஆண்டின் பெட்ரோலியம் மற்றும் கனிமக் குழாய்ப் பாதைச் சட்டத்தின்கீழ் பதிக்கப்படுகின்றன. நிலத்தின் உடைமை உரிமையாளரிடமே இருக்கும். பயன்பாட்டு உரிமை மட்டும் எடுக்கப்படும். அதற்குச் சட்டம் வகுத்துள்ள இழப்பீடு நிலத்தின் சந்தை மதிப்பில் 10 விழுக்காடு. குழாய் செல்லும் பட்டையில் அதன்பின் கட்டடம் கட்டவோ, கிணறு வெட்டவோ, மரம் நடவோ முடியாது. கொச்சி–பெங்களூரு குழாய்க்கு எதிராகக் கொங்குப் பகுதியின் ஏழு மாவட்ட விவசாயிகள் 2013இல் போராடியதும், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 2016இல் தமிழ்நாடு அரசின் வாதம் தோற்றதும் பலருக்கு நினைவிருக்கும். அவ்விவாதம் முழுவதும் பட்டாதாரர்களைப் பற்றியே நடந்தது. அதே நிலத்தில் வேலை இழந்த விவசாயக் கூலிகளும், பட்டா இல்லாமல் புறம்போக்கில் பயிர் செய்தவர்களும் இழப்பீட்டுப் பேச்சில் இடம்பெறவே இல்லை.

மூன்றாவது, எரிவாயு எடுக்கப்படும் இடம். காவிரிப் படுகையில் பல பத்தாண்டுகளாக எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கப்பட்டு வருகின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. திருவாரூர் மாவட்டத்தில் அவர்கள் 34 விழுக்காடு. கிணறுகளும் குழாய்களும் உள்ள வயல்களில் உழைக்கும் பெண்கள் விறகடுப்பையும் சிலிண்டரையும் மாறி மாறிப் பயன்படுத்துவதைப் படுகைக் கிராமங்களில் இன்றும் காணலாம்.

நான்காவது, ஆபத்து. 2014 ஜூன் 27 அன்று ஆந்திரத்தின் அப்போதைய கிழக்கு கோதாவரி மாவட்டத்தில் இருந்த நகரம் என்ற கிராமத்தில் எரிவாயுப் பெருங்குழாய் வெடித்து, உறங்கிக்கொண்டிருந்தவர்கள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். குழாயின் பயன் ஓரிடத்திலும் அபாயம் வேறிடத்திலும் விழக்கூடும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஐந்தாவது, 'இலவச' இணைப்பு. 2016 மே மாதம் தொடங்கிய உஜ்வலா திட்டம் ஓர் இணைப்புக்கு 1,600 ரூபாய் உதவி தந்தது. 2018இல் பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்கள் அனைத்துக்கும் அது விரிவாக்கப்பட்டது. ஆனால் முதற்கட்டத்தில் அடுப்புக்கும் முதல் சிலிண்டருக்குமான தொகையைப் பலர் எண்ணெய் நிறுவனங்களிடம் கடனாகப் பெற்றனர். அடுத்தடுத்த சிலிண்டர்களுக்கு வர வேண்டிய மானியத்திலிருந்து அக்கடன் பிடிக்கப்பட்டது. அதாவது, மானியம் மிகவும் தேவைப்பட்ட குடும்பங்களே கடன் தீரும் வரை முழு விலை கொடுத்துச் சிலிண்டர் வாங்கின. 2019–20இல் உஜ்வலா குடும்பம் ஒன்று ஆண்டுக்குச் சராசரியாக மூன்று சிலிண்டர்களே நிரப்பியது. 2023–24இல்கூட அச்சராசரி நான்கைத் தொடவில்லை. இணைப்பைத் தந்துவிட்டு அன்றாடச் செலவைக் கணக்கில் கொள்ளாத விரிவாக்கம் எங்கே போய் நிற்கும் என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன.

கேள்வி கேட்க மேடை இல்லை

மின்கட்டணம் உயர்ந்தால் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் முன் யாரும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் அதற்கு வழி வைத்திருக்கிறது. எரிவாயுவில் அவ்வழி இல்லை. 2012இல் ஒழுங்குமுறை வாரியம் தில்லியில் எரிவாயு வழங்கும் நிறுவனமான இந்திரபிரஸ்தா கேஸின் கட்டணங்களைக் குறைத்து ஆணையிட்டது. அவ்வாணையைத் தில்லி உயர் நீதிமன்றம் நீக்கியது. 2015 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. நிறுவனம் தன் நுகர்வோருக்கு விற்கும் விலையை நிர்ணயிக்கும் அதிகாரத்தை 2006ஆம் ஆண்டுச் சட்டம் வாரியத்துக்குத் தரவில்லை என்பதே தீர்ப்பின் சாரம்.

மாநில அரசாவது தலையிடுமா என்றால், 2004இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இயற்கை எரிவாயு ஒன்றியப் பட்டியலுக்கு உரியது என்றும், மாநிலங்கள் அதன் மீது சட்டம் இயற்ற முடியாது என்றும் தீர்ப்பளித்துவிட்டது. ஆக, 25 ஆண்டுத் தனியுரிமை பெற்ற ஒரு நிறுவனத்தின் சில்லறை விலையை வாரியமும் கட்டுப்படுத்த முடியாது, மாநிலச் சட்டமன்றமும் கட்டுப்படுத்த முடியாது.

மற்றொரு வேறுபாடும் முக்கியமானது. மின்சாரச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, ஒரு கட்டடத்தின் உரிமையாளரோ அங்குக் குடியிருப்பவரோ விண்ணப்பித்தால் மின் இணைப்புத் தருவதை உரிமதாரரின் கடமையாக்குகிறது. 'குடியிருப்பவர்' என்ற அந்த ஒரு சொல் பட்டா இல்லாத லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு விளக்கேற்றியது. எரிவாயு நிறுவனங்களோ வீட்டு உரிமைச் சான்றையோ உரிமையாளரின் இசைவையோ கேட்கின்றன. நத்தத்திலும் புறம்போக்கிலும் தலைமுறைகளாகக் குடியிருந்தும் பட்டா பெறாத மக்கள் விண்ணப்பப் படிவத்திலேயே நின்றுவிடுகிறார்கள். அதைத் தாண்டினால் காப்புத்தொகை. 2008ஆம் ஆண்டு விதிகள் அதற்கு முதலில் வைத்த உச்சவரம்பு 5,000 ரூபாய். திருப்பித் தரப்படும் தொகைதான் என்றாலும், தினக்கூலிக் குடும்பத்துக்கு அது பல நாள் ஊதியம்.

மின்சாரம் தந்த பாடம்

விரிவாக்கத்தை எப்படி எண்ணுகிறோம் என்பதே செலவை யார் ஏற்பது என்பதைத் தீர்மானிக்கிறது. இதற்கு நம் நாட்டு மின்மயமாக்க வரலாறே சான்று.

1997க்கு முன், ஒரு கிராமத்தின் வருவாய் எல்லைக்குள் எந்தப் பயனுக்காகவேனும் மின்சாரம் பயன்படுத்தப்பட்டால் அது மின்மயமான கிராமம். பண்ணையாரின் பம்புசெட்டுக்கு மின்சாரம் வந்துவிட்டால் போதும், ஏட்டில் கிராமமே ஒளிர்ந்துவிடும். 1997இல் மக்கள் வாழும் பகுதியில் மின்சாரம் இருக்க வேண்டும் என்று வரையறை மாறியது. அப்போதும் ஊர்த்தெரு போதுமானதாக இருந்தது. 2004 பிப்ரவரியில் ஒன்றிய மின்துறை அமைச்சகம் வரையறையை மீண்டும் திருத்தியது. தலித் குடியிருப்பு உள்ள கிராமத்தில், அக்குடியிருப்பிலும் மின்மாற்றி, மின்கம்பி உள்ளிட்ட அடிப்படைக் கட்டமைப்பு அமைந்தால்தான் கிராமம் மின்மயமானதாகக் கொள்ளப்படும் என்று அதில் எழுதப்பட்டது.

வரையறை மாறியதும் செலவின் பொறுப்பும் மாறியது. அடுத்த ஆண்டே, 2005இல், தொடங்கிய ராஜீவ் காந்தி கிராமப்புற மின்மயமாக்கத் திட்டத்தில் மூலதனச் செலவின் 90 விழுக்காட்டை ஒன்றிய அரசு மானியமாக ஏற்றது. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களுக்கு இணைப்பு இலவசமாக்கப்பட்டது. சேரிக்குக் கம்பி இழுப்பது கட்டுப்படியாகுமா என்ற கேள்வி அதன்பின் சேரியிடம் கேட்கப்படவில்லை. அந்த வரையறையிலும் குறை இருந்தது. பத்து விழுக்காடு வீடுகளுக்கு மின்சாரம் கிடைத்தாலே கிராமம் முழுமை பெற்றதாக அது கொண்டது. ஆயினும், பொதுச்சேவை பற்றிய ஓர் அரசு வரையறையில் தலித் குடியிருப்பு என்ற சொல் நிபந்தனையாக நுழைந்தது பெரும் முன்னேற்றம்.

இந்தச் சிந்தனைக்கு ஒரு மரபும் உண்டு. 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கர் மின்சாரக் கொள்கையையும் கையாண்டார். 1947இல் அவர் முன்வைத்த 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' அறிக்கையில் ஆதாரத் தொழில்கள் அரசின் உடைமையாக வேண்டும் என்று கோரினார். அடிப்படைத் தேவைகளின் கட்டமைப்பு தனியார் லாபக் கணக்கில் விடப்பட்டால், அக்கணக்கில் கடைசியாக வருபவர் யார் என்பதை அவர் நன்கறிந்திருந்தார்.

மறுப்புரைக்கு ஒரு பதில்

நகரத்து வாடகை வீட்டில் வசிக்கும் நடுத்தரக் குடும்பம் ஏன் எங்கோ உள்ள காலனியின் குழாய்க்குப் பணம் தர வேண்டும் என்று கேட்கப்படலாம். நியாயமாகக் கேட்கப்படும் கேள்விதான். ஆனால் அரசே இதற்கு விடை சொல்லியிருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் பெருங்குழாய்களுக்கு ஒருங்கிணைந்த கட்டணமுறை நடைமுறைக்கு வந்தது. எரிவாயு ஊற்றுக்கு அருகில் உள்ளவர்கள் சற்றுக் கூடுதலாகத் தந்து, தொலைவில் உள்ளவர்களின் சுமையைக் குறைப்பதே அதன் தத்துவம். ஒரே நாடு, ஒரே கட்டமைப்பு, ஒரே கட்டணம் என்ற முழக்கத்தோடு அது வந்தது.

ஆயிரம் கிலோமீட்டர் தொலைவைச் சமன் செய்யும் அத்தத்துவம், ஊருக்கும் சேரிக்கும் இடையிலான அரை கிலோமீட்டருக்குப் பொருந்தாதா? தொலைவின் செலவைப் பகிர்வதை மாநிலங்களுக்கிடையே ஏற்றுக்கொண்ட பின், அதைத் தெருக்களுக்கிடையே மறுப்பதற்குப் பொருளாதாரக் காரணம் இல்லை.

நாம் கோர வேண்டியவை

முதலாவது, எண்ணும் முறை மாற வேண்டும். உரிம நிபந்தனைகளில் இணைப்பு இலக்கு குடியிருப்புவாரியாகப் பிரிக்கப்பட வேண்டும். ஓர் ஊரின் பட்டியல் சாதிக் குடியிருப்புக்குத் தெருக்குழாய் செல்லாத வரை, அவ்வூரின் இணைப்புகள் இலக்கில் சேர்க்கப்படக் கூடாது.

இரண்டாவது, தெருக்குழாய்ச் செலவு உரிமப் பகுதி முழுமைக்குமான பொதுக்கணக்கில் சேர வேண்டும். வாகன எரிவாயுவிலும் ஆலை விற்பனையிலும் லாபம் ஈட்டும் தனியுரிமைக்கு இது நியாயமான விலை.

மூன்றாவது, குடியிருப்புச் சான்றே இணைப்புக்குப் போதும் என்று விதி வர வேண்டும். அந்தியோதயா, உஜ்வலா குடும்பங்களுக்குக் காப்புத்தொகை நீக்கப்பட வேண்டும். வீட்டுக்குள் செல்லும் குழாய்க்கும் அடுப்பு மாற்றத்துக்கும் ஆகும் செலவை அரசு ஏற்கலாம்.

நான்காவது, பட்டியல் சாதித் துணைத் திட்ட நிதியிலிருந்து தெருக்குழாய்க்குப் பணம் எடுக்கக் கூடாது. இதில் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். இந்நிதியைக் காக்கத் தமிழ்நாட்டில் 2024இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. உரிமம் பெற்ற நிறுவனத்தின் கடமையை நம் நிதியைக் கொண்டு நிறைவேற்றுவது, நம் பணத்தில் அவர்களுக்குச் சொத்துச் சேர்த்துத் தருவதாகும்.

ஐந்தாவது, வாரியத்துக்குச் சில்லறை விலையை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் தரும் வகையில் 2006ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தப்பட வேண்டும். மாவட்ட அளவில், மக்கள் மொழியில், பொது விசாரணை நடத்தப்பட வேண்டும்.

ஆறாவது, முன்னர்க் குறிப்பிட்ட எச்சரிக்கை. எரிவாயுவும் புதைபடிவ எரிபொருளே. வசதியுள்ளவர்கள் நாளை மின் அடுப்புக்கு மாறக்கூடும். கடைசியாக இணைக்கப்பட்டவர்கள் கடைசி வரை தங்கி, பழைய குழாயின் கடனை அடைப்பவர்களாக ஆகிவிடக் கூடாது. ஆகவே குழாய் வேண்டுமா, மலிவான மின்சாரமும் மின் அடுப்பும் வேண்டுமா என்பதை அந்தந்தக் குடியிருப்பின் மக்களே, குறிப்பாகப் பெண்களே, தீர்மானிக்க வேண்டும். குழாயை மறுப்பதும் நம் உரிமைதான். ஆனால் அதைக் கேட்டுப் பெறும் நிலையில் இருப்பவர்தான் மறுக்கவும் முடியும்.

இன்று செய்யக்கூடியவை

சட்டம் மாறும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், உங்கள் மாவட்டத்துக்கான உரிமத்தின் பணி இலக்குகளையும், இதுவரை தரப்பட்ட இணைப்புகளின் விவரத்தையும் ஒழுங்குமுறை வாரியத்திடம் கேளுங்கள். குழாய் பதிக்கச் சாலை வெட்ட அளிக்கப்பட்ட அனுமதிகளை நகராட்சியிடமோ ஊராட்சியிடமோ கேளுங்கள். அவற்றைக் குடியிருப்பு வரைபடத்தோடு ஒப்பிட்டால், எந்தத் தெருவில் குழாய் நின்றது என்பது ஆவணமாகவே கைக்கு வரும். இந்த வேலையைக் கல்லூரி மாணவர் குழு ஒன்று ஒரு விடுமுறைக் காலத்தில் செய்து முடிக்கலாம்.

2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, எந்த நபரும் வாரியத்திடம் புகார் அளிக்க இடம் தருகிறது. அதற்குக் கால வரம்பு உண்டு என்பதால் தாமதிக்கக் கூடாது. ஊர்த்தெருவுக்குத் தரும் சேவை தீண்டாமையின் காரணமாகச் சேரிக்கு மறுக்கப்படுகிறது என்று காட்ட முடிந்தால், 1955ஆம் ஆண்டின் குடியியல் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவு பொருந்தும். காரணத்தை மெய்ப்பிப்பது கடினம் என்பது உண்மை. அதனால்தான் ஆவணம் முக்கியம். பட்டியல் சாதியினரின் வீட்டுவசதிக்கு நிலம் எடுத்ததைப் பற்றிய சமேலி சிங் வழக்கில், 1996இல் உச்ச நீதிமன்றம் குடியிருப்புரிமை என்பது நான்கு சுவரும் கூரையும் மட்டும் அன்று. மின்சாரம், சாலை, துப்புரவு போன்ற வசதிகளும் அதில் அடங்கும் என்றது. உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை கோரும்போது அத்தீர்ப்பு நமக்குத் துணை நிற்கும்.

அந்தக் காலனிப் பெண்களின் மனுவை எழுதி முடித்தபோது, இணைப்பு வேண்டும் என்ற கோரிக்கைக்கு முன்னால் வேறொரு கோரிக்கையைச் சேர்த்தோம். எங்கள் பகுதி கட்டுப்படியாகாது என்று முடிவு செய்த கணக்கை எழுத்து மூலம் தர வேண்டும் என்பதே அது. பதில் இன்னும் வரவில்லை. வரும் வரை கேட்டுக்கொண்டிருப்போம்.